உள்ளே எதுவும் போகாத மாளிகை

வாங்க கண்ணுகளா, இன்னும் கிட்டே வாங்க. கடைசியில் இருக்கிற பிள்ளைக்கும் காது கேட்க வேண்டாமா? எல்லாரும் பசியாறியாயிற்றா? சரி. வீடு விற்கப் போன ராஜா ஒருவரின் கதை வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள், அடக்கினால் விக்கல் வரும்.

முன்னொரு காலத்தில், எனக்கே பேர் மறந்துபோன ஒரு ராஜ்யத்தில், ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் ஒன்றின் மேல் ஆசை விழுந்துவிட்டால் அப்புறம் சோறு இறங்காது அவருக்கு. அந்த வருஷம் ஆசை குதிரை மேல் விழுந்தது. சேகு மரைக்காயர் என்ற வியாபாரி நான்கு வெள்ளைக் குதிரைகளோடு கப்பலில் வந்து இறங்கியிருந்தார். அவருக்கும் ஊரோடு தங்கிவிட ஒரு வீடு வேண்டியிருந்தது. ராஜாவின் அத்தை வாழ்ந்து மறைந்த மாளிகையோ ராஜவீதியில் பூட்டிக் கிடந்தது.

"மாளிகையை எடுத்துக்கொள்ளும், நான்கு குதிரைகளையும் கொடும்" என்றார் ராஜா.

மரைக்காயர் முன்கூடத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். "இரண்டு குதிரைதான் பெறும், மகாராஜா."

உடனே அரண்மனை அலங்கார அதிகாரி தாண்டவராயர் எழுந்தார். "அடியேனிடம் விடுங்கள் பிரபு" என்றார். கஜானா திறந்தது. சுவரெல்லாம் சிவப்பு வர்ணம், அதன்மேல் தங்கரேக்கில் மயில், ஜன்னலை மறைத்து ஆளுயரக் கண்ணாடி, போதாததற்குப் பட்டுத் திரை. மரைக்காயர் மறுபடி வந்தார். அவர் மயிலைப் பார்த்தார், மயில் அவரைப் பார்த்தது. "அதே இரண்டு குதிரை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ராஜாவுக்கு மீசை துடித்தது. "இனி அந்த வீட்டுக்குள் ஒரு செங்கல் போகக் கூடாது! ஒரு பலகை, ஒரு சொட்டு வர்ணம், எதுவும் போகக் கூடாது! கஜானாவிலிருந்து ஒரு செப்புக்காசும் வரக் கூடாது! ஆனால் எனக்கு நான்கு குதிரையும் வேண்டும்!"

 அந்த நேரம் பார்த்துச் சபையில் இருந்த விகடகவி மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது போல நடித்தும் பலிக்கவில்லை.

தாண்டவராயர் விடுவாரா? "பிரபு, விகடகவிக்கு ஏதோ வழி தெரிந்திருக்கிறது போலும். அவரே செய்யட்டும். செய்ய முடியாவிட்டால், என் வீட்டை ஒட்டியுள்ள அவர் வீட்டை எனக்குத் தந்தருள வேண்டும். என் பல்லக்கு நிறுத்த இடம் போதவில்லை."

"அப்படியே ஆகட்டும். பௌர்ணமி வரை தவணை" என்றார் ராஜா. கோபத்தில் இருந்தார் பாருங்கள்.

மாசிலாமணி சிரித்த வாயோடு வீட்டுக்குப் போனார். வாசற்படி தாண்டியதும் முகம் தொங்கிவிட்டது. அவருக்கென்று இருந்தது அந்தச் சின்ன வீடு ஒன்றுதான். உள்ளே அடுப்படியில் அவர் மனைவி தையல்நாயகி கண்ணைக் கசக்கிக்கொண்டு ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். முன்னே அங்கே நல்ல ஜன்னல் ஒன்று இருந்தது. ஜன்னல் இப்போதும் இருக்கிறது. ஆனால் ஒரு முழம் தள்ளி, தாண்டவராயர் தன் நிலத்தில் வானுயரச் சுவர் எழுப்பிவிட்டார். அன்றிலிருந்து புகை போக வழியில்லை.

விஷயத்தைக் கேட்டவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வீடுதானே வேணுமாம் அவருக்கு? கொடுத்துடுங்க. வந்து இந்தப் புகையில ஒருநாள் ரசம் வச்சுப் பார்க்கட்டும்!"

"விளையாடாதே தையல்."

"அது உங்க வேலை, எனக்கெதுக்கு? சரி, அந்த மரைக்காயர் வீட்டுப் பொம்பளைங்க யாராச்சும் வந்து பார்த்தாங்களா?"

"இல்லையே. அவர்தான் கூடத்தில் நின்று பார்த்தார்."

"கூடத்துல நின்னா பார்த்தது கூடம். வீட்டை எங்கே பார்த்தார்? நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் தையல்நாயகி மயில் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக அடுப்படிக்குப் போனாள். சுவரில் விரலைத் தேய்த்து, கரியைப் புருஷன் மூக்கில் தடவினாள். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஊறுகாய் அலமாரி நின்றது. அடுப்படியை அடுத்து ஒரு தடுப்புச் சுவர். அதற்கு அந்தப்பக்கம் பட்டப்பகலிலேயே இருட்டாக ஓர் அறை. அண்ணாந்து பார்த்தால் ஓட்டுக்கூரைக்குப் பதில் பலகை.

"ஏங்க, இது அறையில்ல. முற்றம்! யாரோ மூடி வச்சிருக்காங்க."

மாசிலாமணியும் அண்ணாந்து பார்த்தார். பிறகு கைகொட்டிச் சிரித்தார். "தையல், ராஜா என்ன சொன்னார்? உள்ளே எதுவும் போகக் கூடாது என்றார். வெளியே போகக் கூடாது என்றாரா?"

அன்று மாலையே ஊருக்குள் தமுக்கு அடித்தது. 'மாளிகையிலிருந்து பழைய செங்கல்லும் பலகையும் வெளியே வருகின்றன. யார் பெயர்த்துச் சுமக்கிறார்களோ, அவர்களே வைத்துக்கொள்ளலாம்!' ஊரே திரண்டது. முற்றத்துப் பலகை ஒருவர் வீட்டுக் கதவாயிற்று. தடுப்புச் சுவர் பத்து வீட்டுக்கு மாட்டுக்கொட்டில் தரையாயிற்று. அலமாரி போனது. கண்ணாடியும் பட்டுத் திரையும் அரண்மனைக்கே திரும்பின. மயிலையும் கரியையும் சுரண்டி எடுத்ததும் அடியில் பழைய சுண்ணாம்புப் பூச்சு சங்கு மாதிரி மின்னியது.

பௌர்ணமியன்று காலை ராஜா வந்தார், தாண்டவராயர் வந்தார், மரைக்காயரும் வந்தார். தையல்நாயகி சொல்லியனுப்பியபடி மரைக்காயர் தன் தாயாரையும் அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாள் யாரையும் கேட்கவில்லை, கூடத்தைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போய்விட்டார்.

தாண்டவராயர் மூலை மூலையாகத் தேடினார். புதுச் செங்கல் இல்லை, புது வர்ணமும் இல்லை. கடைசியில் முற்றத்தில் நின்று கூவினார்: "பிரபு! உத்தரவு மீறப்பட்டது! உள்ளே எதுவும் போகக் கூடாது என்றீர்கள். இதோ, வெயில் போயிருக்கிறது! காற்றும் போயிருக்கிறது!"

மாசிலாமணி கைகட்டித் தலைகுனிந்தார். "உண்மைதான் மகாராஜா. நான் அழைக்கவில்லை, அவர்களாகவே நுழைந்துவிட்டார்கள். காற்றைக் கட்டி இழுத்துவர அதிகாரியையே அனுப்புங்கள். வெயிலைச் சிறையில் போட்டுவிடலாம். பாவம், அங்கே இருப்பவர்களுக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்."

ராஜாவின் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

அதற்குள் அடுப்படியில் அந்த அம்மாள் நாலு சுள்ளியைப் பற்றவைத்துப் பார்த்துவிட்டார். புகை ஒரு சுற்றுச் சுற்றி, மரியாதையாக முற்றத்து வழியே மேலே போயிற்று. அவர் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

"தம்பி, இந்த அடுப்படியில நான் நூறு வயசு வரைக்கும் சமைப்பேன்!"

"உம்மா, விலை பேசுறப்ப சிரிக்காதீங்க" என்று மரைக்காயர் காதோடு சொன்னார். "மூன்று குதிரை, மகாராஜா."

"மூணா? குடுத்துடுப்பா நாலையும்! குதிரை மேலயா நான் சோறு வடிக்கப் போறேன்?"

மரைக்காயர் பெருமூச்சு விட்டார். "நான்கு குதிரை."

 ராஜாவோ செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். காலில் இளவெயில், முதுகில் காற்று. அத்தை வீட்டில் இப்படி ஓர் இடம் இருந்ததே அவருக்குத் தெரியாது. "ஐந்து!" என்றார் திடீரென்று.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மகாராஜா," என்றார் மாசிலாமணி மெதுவாக, "இந்த மாளிகை யாருடையது?"

"என்னுடையது."

"அப்படியானால் அந்த ஐந்து குதிரையை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்?"

ராஜா விழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர்தான், கிரீடம் காதுவரை சரிந்தும் நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாளிகைச் சாவியை அந்த அம்மாள் கையிலேயே கொடுத்தார்.

"மாசிலாமணி, உன் வீடு உனக்கே. வேறென்ன வேண்டும்? கேள்."

"பிரபு, என் வீட்டுக்குள்ளும் எதுவும் வர வேண்டாம். பக்கத்தில் நிற்கிற ஒரு சுவர் மட்டும் போனால் போதும். தையல்நாயகி அழுவது என்னைக் கட்டிக்கொண்டதாலா, புகையாலா என்று எனக்கே தெரியவில்லை."

ராஜா மறுபடி சிரித்தார். ஒரு வெள்ளைக் குதிரையை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்தச் சுவரின் முதல் செங்கல்லைத் தாண்டவராயரே தன் மோதிரக் கையால் பெயர்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

சுவர் விழுந்தது. ஜன்னலுக்குக் காற்று வந்தது, தையல்நாயகியின் கண் தெளிந்தது. காற்று ஒரு பக்கம் வந்தால் ரசத்தின் வாசனை இன்னொரு பக்கம் போகுமே! மறுநாள் மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே மோதிரம் போட்ட கை ஒன்று தயங்கித் தயங்கி ஒரு கிண்ணத்தை நீட்டியது.

"தங்கச்சி... கொஞ்சமாக இருந்தாலும் போதும்."

"உள்ளே எதுவும் வரக் கூடாதுண்ணா" என்றாள் தையல்நாயகி. சொல்லிக்கொண்டே கிண்ணத்தை வாங்கி விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தாள்.

அவ்வளவுதான் என் செல்வங்களே. உங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து புகை மட்டும் வெளியே போகட்டும். வெயிலும் காற்றும் கேட்காமலே உள்ளே வரட்டும். உங்கள் ஜன்னலில் நீளுகிற கிண்ணம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பாமல் இருக்கட்டும். நல்லா இருங்க.