குதிக்க மறுத்த குரங்கு

இக்கதையை எனக்கு முதலில் சொன்னவர், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு ஓவியம் கற்பித்த தெய்வயானை அம்மையார். கல்வி அதிகாரி எங்கள் வகுப்பைப் பார்வையிட்டுச் சென்ற மறுநாள் சொன்னார். யாரை மனத்தில் வைத்துச் சொன்னார் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

மணிமுற்றம் என்னும் நாட்டை ஆண்ட செருவல்லப மன்னனுக்கு நான்கு வயதில் ஒரே மகன். அவனுக்கென ஒரு படச்சுவடி இயற்றித் தருமாறு மன்னன் அவைப்புலவர் அனந்தகீர்த்தியாரைப் பணித்தான். புலவர் குழந்தைகளோடு பேசிப் பழகியவர் அல்லர். அதை அவர் ஒரு குறையாகக் கருதியதும் இல்லை.

சுவடி வந்தது. பொன்முலாம் பூசிய மேலட்டை, ஏடுதோறும் வண்ணப்படம். ஒரு படத்தில் யானை இருந்தது. அது கரும்பைத் தொடவில்லை. அடக்கத்தின் மேன்மை குறித்துச் சொற்பொழிவு ஆற்றியது. இன்னொன்றில் குரங்கு இருந்தது. கைகட்டி, வாய்பொத்தி, ஒரு முனிவர் முன் அமர்ந்திருந்தது. வாலையாவது ஆட்டுமா என்றால், அதையும் மடித்துத் தொடைக்கு அடியில் செருகி வைத்திருந்தார் புலவர். ஒவ்வோர் ஏட்டின் முடிவிலும் ஒரு வினா: ‘இதனால் அறியப்படும் நீதி யாது?’

பால்சோறு உண்டு முடித்த இளவரசனைச் சம்மணமிட்டு அமரச் செய்து, புலவர் வாசித்தார். சிறுவன் கொட்டாவி விட்டான். “குரங்கு எப்போது குதிக்கும்?” என்று கேட்டான். விடை வராததால் உறங்கிப்போனான்.

புலவர் நேரே மன்னனிடம் சென்றார். “மனம் நொந்து சொல்கிறேன், மன்னா. பிள்ளைக்கு மந்தபுத்தி. அறிவுடையோர் என் நூலைக் கேட்டுக் கொட்டாவி விடமாட்டார்கள். காட்டிலுள்ள என் குருகுலத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் விட்டுவையுங்கள். திருத்தித் தருகிறேன்.”

மன்னன் கலங்கினான், ஆனாலும் இசைந்தான். வெள்ளிக்கிழமை பயணம் என்று முடிவாயிற்று.

அரசி பதுமவல்லி, அவையின் விகடகவி குழைக்காதனை அழைத்தாள். “பால்பல் கூட விழாத பிள்ளை, குழைக்காதரே! திரும்பி வரும்போது மீசையோடு வருவான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியுமா?”

குழைக்காதனுக்கு எதையும் கேலியாகவே பார்த்துப் பழக்கம். அன்று அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இளவரசன் ஒரு தூணுக்கும் மறு தூணுக்கும் இடையே தாவிக்கொண்டிருந்தான். சுவடியில் விடுபட்டதை நிறைவு செய்கிறான் போலும்.

மறுநாள் குழைக்காதன் மன்னன்முன் பணிந்து நின்றான். “அரசே, இந்த விதி இளவரசருக்கு மட்டும் என்றால் ஊர் பேசும். நாட்டுக்கே பொதுவிதி என்றால் நீதி என்று புகழும். நூலைக் கேட்டுக் கொட்டாவி விடுபவர் யாராயினும் குருகுலம் செல்ல வேண்டும் என்று முத்திரையிடுங்கள்.”

“ஆகா, தக்க யோசனை!” என்று புலவர் முந்திக்கொண்டார். அவை முழுவதும் தம் நூலைக் கேட்கப்போகிறது என்ற மகிழ்ச்சி அவருக்கு.

“ஒரு சிறு வேண்டுகோள்,” என்றான் குழைக்காதன். “இளவரசர் கேட்டவாறே அனைவரும் கேட்கட்டும். உண்டபின், தரையில், சம்மணமிட்டு.”

மன்னன் முத்திரையிட்டான்.

நண்பகல் விருந்தில் பாயசம் மட்டும் இரண்டு வகை. உண்டு முடித்து அனைவரும் தரையில் அமர்ந்தார்கள். மன்னனும் அமர்ந்தான். புலவர் கனைத்துக்கொண்டு தொடங்கினார்.

யானையின் சொற்பொழிவு முடியுமுன் சேனாதிபதி குறட்டை விட்டார். அமைச்சர் அங்கவஸ்திரத்தால் வாயை மூடினார்; அங்கவஸ்திரம் உப்பி உப்பித் தாழ்ந்தது.

“அமைச்சரே, இதனால் அறியப்படும் நீதி யாது?”

“ஆம், ஆம்,” என்றார் அமைச்சர்.

மன்னன் பல்லைக் கடித்துப் பார்த்தான். மூக்கு விடைத்தது, கண்ணில் நீர் பெருகியது. “புலவரே, அந்தக் குரங்கு எப்போதுதான் ஐயா குதிக்கும்?” என்று கேட்க வாயைத் திறந்தவன், திறந்த வாயை மூட இயலாமல், மண்டபமே கேட்கும்படி ஒரு கொட்டாவி விட்டான்.

அமைச்சர் அங்கவஸ்திரத்தை இறக்கிப் பார்த்தார்.

“அரசே, தங்கள் மூட்டையையும் கட்டச் சொல்லட்டுமா?” என்றான் குழைக்காதன்.

“உன் மூட்டை எங்கேயடா?” என்று மன்னன் சீறினான்.

“வாசலில் இருக்கிறது, அரசே. நான் மேலட்டையைப் பார்த்தபோதே கொட்டாவி விட்டுவிட்டேன்.”

புலவர் எழுந்து நின்றார். “வெட்கம்! இந்நாட்டில் மந்தபுத்தி இல்லாதவன் நான் ஒருவனே! இதோ, மேலே கேளுங்கள்!” என்று அடுத்த ஏட்டைப் புரட்டினார். “கைகட்டி அமர்ந்த குரங்கானது, பொறுமை என்னும்... பொறுமை என்னும் அணிகலனை...”

சுற்றிலும் கொட்டாவி. பாயசம் அவர் வயிற்றிலும் இருந்தது. புலவரின் தாடை மெல்ல இறங்கியது; கண் சொருகியது. அவை பார்த்திருக்க, நூலாசிரியரே நீண்டதொரு கொட்டாவி விட்டார்.

குழைக்காதன் கைகூப்பினான். “அரசே, குருகுலத்துக்கு மாணவர்கள் ஆயத்தம். மன்னர், அமைச்சர், சேனாதிபதி, இளவரசர், நான். ஒரே ஒரு சிக்கல். ஆசிரியரும் மாணவர் வரிசையில் வந்து நின்றுவிட்டார். பாடம் நடத்த ஆளில்லை!”

மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பொலியில் சேனாதிபதி விழித்து வாளைத் தேடினார். விதி அங்கேயே கிழிக்கப்பட்டது. செய்தி கேட்ட அரசி, கட்டி வைத்த மூட்டையைத் தன் கையாலேயே பிரித்தாள்.

“இந்நூலுக்கு வாங்கிய ஆயிரம் பொன்னையும் கருவூலத்தில் திருப்பிக் கட்டும்!” என்றான் மன்னன்.

“ஒரு பொன்னை அவருக்கே விட்டுவிடுங்கள், அரசே,” என்றான் குழைக்காதன். “போர் முடிந்த நாளிலிருந்து சேனாதிபதிக்கு உறக்கமில்லை. எந்த வைத்தியராலும் முடியாததை யானையின் சொற்பொழிவு முடித்திருக்கிறது. அதற்குரிய கூலி.”

அவ்வாறே ஆயிற்று. அன்று மாலை அனந்தகீர்த்தியார் கருவூலத்தில் திருப்பிக் கட்டிய தொகை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பொன்.