ஒரு பிடி மண் குறைந்த மற்போர்

முன்னொரு காலத்தில் வெள்ளாற்று நாட்டைக் குலோதயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் காலையில் எடுத்த முடிவு மதியச் சாப்பாடு வரைகூடத் தாங்காது.

பக்கத்து நாட்டு ராஜா உக்கிரசேனன் மற்போர்த் திருவிழாவுக்கு அழைப்பு அனுப்பினான். ஏரித் தண்ணீரைத் தன் பூந்தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டு, தட்டிக்கேட்ட ஓடைமேட்டு ஜனங்களைச் சிறையில் தள்ளிய புண்ணியவான் அவன்.

“போனால் அவன் அக்கிரமத்துக்குக் கைதட்டின மாதிரி. போகாவிட்டால்?” என்றான் குலோதயன்.

“பயந்துவிட்டோம் என்பான். விளையாட்டு வேறு, அரசியல் வேறு. போவோம் மன்னா, போவோம்!” என்று துள்ளினார் சேனாதிபதி கடம்பராயர்.

அமைச்சர் பூதலிங்கம் தலையைச் சொறிந்தார். “போன வருஷம் நாம் போகவில்லை. அவன் வைக்கோல் பொம்மைக்கு நம் தலைப்பாகையைக் கட்டி, அதைத் தோற்கடித்து விருந்து வைத்தான். சிறைக்கதவு திறக்கவில்லை.”

“அப்படியென்றால் போகலாமா?”

“போனாலும் திறக்காது மன்னா.”

“ஐயோ, தலை சுற்றுகிறதே!”

வாசலில் மல்லன் மாசாணம் மூட்டையைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான்.

அமைச்சர் பதவிமேல் கடம்பராயருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். “அவ்வளவு கெட்டிக்காரர் என்றால், போயும் போகாத மாதிரி ஒரு வழி சொல்லட்டும். முடியாவிட்டால் பதவியை விட்டு இறங்கட்டும்!” என்றார்.

“பலே! அப்படியே ஆகட்டும்” என்றான் ராஜா. பூதலிங்கம் பெருமூச்சு விட்டு, மாசாணத்தின் காதில் ஏதோ சொன்னார். எல்லோரும் கிளம்பினார்கள்.

உக்கிரசேனன் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கு முன் ஒவ்வோர் ஊர்க்காரரும் தங்கள் ஊர் மண்ணில் ஒரு பிடியைக் களத்தில் போட வேண்டும். போட்டு முடித்ததும் முரசு கொட்டியது. மாசாணம் தொடையைத் தட்டிக்கொண்டு வந்து, களத்து ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

“ஓடைமேட்டு மண் வரலியே சாமி. களம் முழுசாகட்டும், இறங்குறேன்.”

உக்கிரசேனன் ஒரு காவலனிடம் மண்ணைக் கொடுத்தனுப்பினான்.

“அந்த ஊர்க் கையாலதான் விழணும்” என்றான் மாசாணம்.

“அமைச்சரே, நாம் இப்போது விளையாடுகிறோமா, இல்லையா?” என்று கிசுகிசுத்தான் குலோதயன்.

“எனக்கும் சரியாகத் தெரியவில்லை மன்னா.”

ஆள் எதிரிலேயே இருக்கும்போது பயந்து ஓடினான் என்று உக்கிரசேனன் எப்படிச் சொல்வது? வெளிநாட்டு ராஜாக்கள் எல்லாம், “ஓடைமேட்டுக்காரர்கள் எங்கே?” என்று கேட்கத் தொடங்கினார்கள். உக்கிரசேனன் பல்லைக் கடித்துக்கொண்டு சிறையைத் திறக்கச் சொன்னான்.

வந்தார்கள், எலும்பும் தோலுமாக. மண்ணைப் போட்டார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போன மாசாணம், இறங்கின வேகத்தில் மல்லாக்க விழுந்தான்.

“தோற்றோம்! எல்லாம் அமைச்சரால்!” என்று குதித்தார் கடம்பராயர்.

அப்போது ஓடைமேட்டுப் பெண் ஒருத்தி குலோதயன் முன்னால் வந்தாள். “கூட்டம் கலைஞ்சதும் மறுபடி உள்ள தள்ளிடுவாங்களே சாமி! நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க.”

பூதலிங்கம் இதை யோசிக்கவே இல்லை. குலோதயன் அவளையே பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்குக் குழப்பம் வரவில்லை.

எல்லா ராஜாக்களும் கேட்கும்படி, “உக்கிரசேனரே! உங்கள் நாடு எங்களுக்குப் பிடித்துவிட்டது. என் சேனாதிபதி இனி ஓடைமேட்டில் இவர்களோடுதான் தங்குவார். இவர்களில் யாருக்கு என்ன நடந்தாலும் எனக்குச் சொல்லி அனுப்புவார்” என்றான். சபை முழுக்க ஆமோதித்தது. உக்கிரசேனனால் மறுக்க முடியவில்லை.

“நானா மன்னா?” என்று வெலவெலத்தார் கடம்பராயர்.

“போவோம் போவோம் என்று துடித்தவர் நீர்தானே?”

தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்கும் மாசாணத்துக்கும் பாதிப் பாதி கொடுத்தான் ராஜா. ஊர் திரும்பும் வழியெல்லாம், போனது சரியா தவறா என்று அமைச்சரைக் குடைந்துகொண்டே வந்தான்.

கொஞ்ச நாளில் கடம்பராயரின் தூதன் வந்து நின்றான். “ஏரித் தண்ணீர் ஊருக்கு வருகிறதாம் மன்னா. ஆனால் குடத்தைச் சேனாதிபதி தலையில்தான் ஏற்றுகிறார்களாம்.”