களிமண் பொட்டலம் எங்கே?

பாறைக்குளத்தின் மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒருவன் தங்கமுடி. அவன் பாதிக் கூடு கட்டி முடித்திருந்தான். கவிழ்த்து வைத்த தொப்பி போல அது ஓலை நுனியில் தொங்கியது.

கழனியாள் என்ற பெண்குருவி அதைப் பார்க்க வந்தாள். சுற்றிச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு நாரையும் அலகால் இழுத்துப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வீசியது. கூடு ஊஞ்சல் போல ஆடியது.

"பின்னல் நெருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி ஆடினால் என் முட்டைகள் என்ன ஆவது? உள்ளே களிமண் அப்பவில்லையா?" என்றாள் அவள்.

"அப்பிவிடுகிறேன்! இன்றைக்கே அப்பிவிடுகிறேன்!"

"நாளைக் காலையில் வருகிறேன். அப்போதும் ஆடினால் நான் நாரப்பன் கூட்டுக்குப் போய்விடுவேன். அவன் நேற்றே கூப்பிட்டான்."

பக்கத்து ஓலையில் இருந்த நாரப்பன் தொண்டையைச் செருமினான்.

உள்சுவரில் ஈரக் களிமண் அப்பினால் கூடு கனம் பெறும், காற்றுக்கு ஆடாது. ஆனால் பாறைக்குளத்தைச் சுற்றி எங்கும் பாறைதான். களிமண்ணுக்கு வயல்வெளிக்குப் போக வேண்டும். மழை இன்னும் சரியாகப் பிடிக்காததால் வயலும் வெடித்துக் கிடந்தது. ஈரக் களி நண்டு வளைகளின் அடியில்தான் இருந்தது.

நண்டிடம் போய் வாங்கி வரலாம். ஆனால் ஆளில்லாத கூட்டைக் கண்டால் நாரப்பனுக்கு அலகு அரிக்கும். ஒவ்வொரு நாராக உருவிப்போய்த் தன் கூட்டில் செருகிக்கொள்வான். ஈச்சமரத்தில் இது எல்லோரும் செய்கிற காரியம்தான். உண்மையைச் சொன்னால், தங்கமுடியின் கூட்டிலும் நாரப்பனின் நார்கள் சில இருந்தன.

அப்போது இலுப்பை மரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"கேட்டது வரும்! கூட்டுக்கே வரும்! பத்திரமாக வரும்! நம்புங்கள், கரிச்சான் இருக்கிறேன்!"

கரிச்சான் ஒரு கறுப்புப் பறவை. வால் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். காட்டில் யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவான். இலுப்பை மரத்தின் நீண்ட கிளையில் அவன் ஒரு சந்தை நடத்தினான். யாருக்கு எது வேண்டுமோ அதைக் கூவிச் சொன்னால் போதும். கரிச்சான் விற்பவரைப் பிடிப்பான். சுமப்பவரை அனுப்புவான். தன் பங்குக்கு ஒரு வெட்டுக்கிளியை எடுத்துக்கொள்வான்.

தங்கமுடி கூவிச் சொன்னான். கொழுத்த வெட்டுக்கிளி ஒன்றையும் கொடுத்தான்.

"மதியத்துக்குள் வந்துவிடும், தம்பி! நீ கூட்டை விட்டு நகரவே வேண்டாம்!" என்றான் கரிச்சான்.

தங்கமுடி நகரவில்லை. வெயில் ஏறியது. பாறை கொதித்தது. தொண்டை ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று குளத்துக்கு இறங்கினான். குடித்தான். உடனே திரும்பினான்.

பொட்டலம் வரவில்லை. ஆனால் இலுப்பை மரத்திலிருந்து செய்தி வந்தது.

"ஈச்சமரம் தங்கமுடிக்குப் பொட்டலம் சேர்ந்துவிட்டது! எங்கள் சேவை பிடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லவும்!"

"சேர்ந்துவிட்டதா? எங்கே?" தங்கமுடி கூட்டுக்குள் தேடினான். ஓலைக்கு மேலே தேடினான். கீழே பாறையிலும் தேடினான். பிறகு இலுப்பை மரத்துக்குப் பறந்தான்.

"அண்ணே, பொட்டலம் வரவில்லை!"

"அடடா! இரு தம்பி, புகார்ப் பிரிவுக்கு மாற்றிவிடுகிறேன்." கரிச்சான் இலைகளுக்குப் பின்னால் போனான். உடனே ஒரு காடையின் இனிமையான குரல் வந்தது. "வணக்கம், புகார்ப் பிரிவு. உங்கள் கவலை எங்கள் கவலை. ஆனால் பொட்டலம் சேர்ந்ததாகத்தானே செய்தி?"

"என் அலகுக்கு வரவில்லையே, அம்மா!"

"அப்படியானால் மேலாளரிடம் பேசுங்கள்."

இப்போது ஓர் ஆந்தையின் குரல் வந்தது. "ம்ம்ம்... இதோ பார். நாங்கள் வெறும் கிளை. விற்பவர் வந்து உட்காருகிறார். வாங்குபவர் வந்து உட்காருகிறார். கிளை எதையாவது விற்குமா? சுமக்குமா? விற்றது வளையன் என்ற நண்டு. அவனைப் போய்க் கேள்."

இலைகளுக்குக் கீழே பிளந்த வால் ஒன்று ஆடுவதைத் தங்கமுடி பார்த்தான். ஆனாலும் மேலாளரை எதிர்த்துப் பேச அவனுக்குக் கூச்சமாக இருந்தது. வயலுக்குப் பறந்தான்.

வளையன் வரப்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான்.

"களி தோண்டினேன். உருட்டினேன். தாமரை இலையில் மடித்து அணில் கையில் கொடுத்தேன். என் வளையை விட்டுப் போன மண்ணுக்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்று கேட்டுக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்தான்.

"சரி, இன்னோர் உருண்டையாவது தாருங்கள்!"

"கரிச்சான் சொல்லாமல் நேரே கொடுத்தால் என்னைச் சந்தையை விட்டே தள்ளிவிடுவான். அணிலைப் போய்ப் பார்!" பேச்சு முடிவதற்குள் வளையன் வளைக்குள் போய்விட்டான்.

வழியில் தங்கமுடி தன் கூட்டை எட்டிப் பார்த்தான். விளிம்பில் ஒரு வரிசை நாரையே காணோம். நாரப்பன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வரியன் என்ற அணில் புளியமரத்தடியில் வாலைக் கோதிக்கொண்டிருந்தான்.

"வந்தேனே! கூப்பிட்டேனே! நீதான் ஆளே இல்லை!"

"தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். ஒரே ஒரு வாய்..."

"பார்த்தாயா, பார்த்தாயா! தப்பு உன் பேரில்! ஆனாலும் நான் விட்டுவிட்டு வரவில்லை. யாரும் எடுத்துவிடாதபடி பத்திரமான இடத்தில் புதைத்து வைத்தேன்."

"அப்பாடா! எந்த இடம்?"

வரியன் காதைச் சொறிந்தான். முன்னங்கால்களைப் பார்த்துக்கொண்டான். எதைக் கண்டாலும் புதைப்பது அவன் பிறவிப் பழக்கம். புதைத்த இடத்தை மறப்பதும் அதே பிறவிப் பழக்கம்தான்.

"பத்திரமாக வைத்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. எங்கே என்பதுதான்..." என்று இழுத்தான். "எதற்கும் நீ கரிச்சானைக் கேள்! அவன்தானே சந்தை நடத்துகிறான்!"

தங்கமுடி கூட்டுக்குத் திரும்பினான். இதற்குள் இன்னும் நார்கள் போயிருந்தன. பக்கவாட்டில் ஓர் ஓட்டை விழுந்து, அதன் வழியே குளம் தெரிந்தது.

அவன் ஓலையில் உட்கார்ந்து யோசித்தான். ஒருவேளை தப்பு என்னுடையதுதானோ? தாகத்தை அடக்கியிருக்க வேண்டுமோ? களிமண்ணைக் கேட்டதே பிசகோ? எல்லோருமாகச் சேர்ந்து சொன்னபோது அது உண்மை போலவே இருந்தது.

பிறகு வேறொன்று தோன்றியது. நண்டை எனக்குத் தெரியாது. அணிலையும் தெரியாது. இன்றைக்கு முன் அவர்கள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அப்படியிருக்க, யாரை நம்பி வெட்டுக்கிளியைக் கொடுத்தேன்?

தங்கமுடி எழுந்தான். நேரே இலுப்பைக் கிளைக்குப் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

மாலைச் சந்தை களைகட்டியிருந்தது. கிளையில் கொக்கும் கௌதாரிகளும் உட்கார்ந்திருந்தனர். மரத்தடியில் ஒரு முயல் அறுகம்புல் கட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வரியனும் அடுத்த சுமைக்காக வந்து அடிமரத்தில் தொற்றிக்கொண்டிருந்தான்.

"முயலண்ணே, புல் வராவிட்டால் யாரைக் கேட்பீர்கள்?" என்று தங்கமுடி மெதுவாகக் கேட்டான்.

"இதென்ன கேள்வி? கரிச்சானைத்தான்!"

"கேட்டுப் பாருங்களேன்."

முயல் காதை நிமிர்த்தினார். "ஏன்பா கரிச்சான், புல் வராவிட்டால் நீதானே பொறுப்பு?"

"அது... வந்து... விற்பவர் பொறுப்பு."

"விற்பவர் யார்?"

"மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆடு இருக்கிறார்."

"அந்த ஆட்டை எனக்குத் தெரியவே தெரியாதே!"

"அப்படியானால் சுமப்பவர் பொறுப்பு."

"என்னை இதில் இழுக்காதே!" என்று அடிமரத்திலிருந்து வரியன் கத்தினான்.

கொக்கு கழுத்தை நீட்டினார். "இருங்கள், இருங்கள்! எனக்கும் போன மாதம் நத்தைப் பொட்டலம் வரவில்லை. புகார்ப் பிரிவில் ஒரு காடை பேசினாள். ரொம்ப மரியாதையான பெண்."

"அந்தக் காடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, ஐயா?" என்றான் தங்கமுடி.

கரிச்சான் சட்டென்று இலைகளுக்குள் பாய்ந்தான். உள்ளேயிருந்து ஒரு மயிலின் குரல் அதிர்ந்தது. "தலைமை அலுவலகம் பேசுகிறது! வாடிக்கையாளர்கள் அமைதி காக்கவும்!"

"எல்லோரும் இலைக்குக் கீழே பாருங்கள்! எந்தப் பிரிவு பேசினாலும் ஆடுவது ஒரே வால்தான்!" என்று கூவினான் தங்கமுடி.

எல்லோரும் பார்த்தார்கள். மயிலுக்கு இல்லாத பிளந்த வால் ஒன்று அங்கே நடுங்கிக்கொண்டிருந்தது. கௌதாரிகள் சிரித்த சிரிப்பில் இலுப்பைப் பழங்கள் உதிர்ந்தன. கொக்கு மட்டும் சிரிக்கவில்லை.

"மரியாதையான பெண் என்று நினைத்தேனே!" என்றார் வருத்தமாக.

முயல் போய்விட்டார். கொக்கு பறந்தார். கௌதாரிகளும் கிளம்பினார்கள். கிளை வெறுமையானது. கரிச்சான் இலைகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"தம்பி, நான் எதையும் திருடவில்லையே. உன் களிமண்ணைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நான் ஏன் பழி சுமக்க வேண்டும்?"

குரல் கரகரவென்று, சாதாரணமாக இருந்தது. கரிச்சானின் சொந்தக் குரல் அதுதான் என்று தங்கமுடிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீங்கள் திருடவில்லை அண்ணே. ஆனால் நான் நம்பியது உங்களைத்தான். நீங்கள்தானே நம்பச் சொன்னீர்கள்?"

கரிச்சான் வெறுங்கிளையைப் பார்த்தான். பிறகு, "வரியா! இறங்கு! தோண்டு!" என்றான்.

வரியன் புளியமரத்தடிக்கு ஓடித் தோண்டினான். முதல் குழியில் புளியங்கொட்டை. அடுத்ததில் கொக்கின் நத்தைகள். இன்னொன்றில் யாரோ ஓர் எலி கேட்டிருந்த தினைக்கதிர். காடு முழுக்கத் தேடிக் களைத்த சாமான்கள் எல்லாம் புளியமரத்தைச் சுற்றிப் பத்திரமாக இருந்தன! கடைசியில் தாமரை இலைப் பொட்டலமும் கிடைத்தது. பிரித்தார்கள். களிமண் வெயில் மண்ணில் கிடந்து கல்லாக இறுகியிருந்தது.

"இனி இது அப்ப உதவாது," என்றான் தங்கமுடி.

"நீ கூட்டுக்குப் போ. நானே கொண்டுவருகிறேன்."

"நீங்களேவா?"

"ஆமாம், நானேதான். போ!"

கரிச்சான் வயலுக்குப் பறந்தான். "வளையா, தோண்டு! நான் சொல்கிறேன்!" என்று அவன் போட்ட சத்தத்தில் நண்டு வளையின் அடிக்கே போய் நல்ல களியாக எடுத்துக் கொடுத்தான். இருட்டும் வரை கரிச்சான் வயலுக்கும் ஈச்சமரத்துக்குமாகப் பறந்தான். பளபளத்த அலகில் சேறு. கறுத்த மார்பிலும் சேறு. அவன் கொண்டுவரக் கொண்டுவரத் தங்கமுடி உள்சுவரில் அப்பினான். நாரப்பனுக்கு அலகு அரித்தது. ஆனால் கூட்டில் ஆள் இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

விடிந்ததும் கழனியாள் வந்தாள். காற்றுக்காகக் காத்திருந்தாள். காற்று வந்தது. மற்ற கூடுகள் எல்லாம் ஆடின. தங்கமுடியின் கூடு அசையவில்லை.

"ம்!" என்றாள் அவள். உள்ளே போய் மண்ணை அலகால் தட்டிப் பார்த்தாள். வெளியே வந்து பக்கவாட்டைப் பார்த்தாள். "இந்த ஓட்டை?"

"அது... அலைந்துகொண்டிருந்த நேரத்தில்..."

"சரி. ஒன்று கேட்கிறேன். நாளைக்கு இந்த மண் உதிர்ந்தாலோ, கூடு அறுந்தாலோ நான் யாரைக் கேட்பது?"

தங்கமுடி அலகைத் திறந்தான். மண் நண்டுடையது. கொண்டுவந்தவன் கரிச்சான். நாரை உருவியவன் நாரப்பன். எல்லாப் பதில்களும் அலகு நுனியில் தயாராக வந்து நின்றன. அவற்றைப் பார்த்து அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஒவ்வொன்றாக விழுங்கினான்.

"என்னைத்தான்," என்றான்.

கழனியாள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்படியானால் முதலில் இந்த ஓட்டையை அடையுங்கள்! குளிர் காற்று வருகிறது!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தங்கமுடி நார் கிழிக்கப் பறந்தான்.

பொருள் எத்தனை கை மாறித் தொலைந்தாலும், நம்பச் சொன்னவர் யாரோ அவரே அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்.