தொடாத பாத்தி

"போச்சு சார். அஞ்சு வருஷமும் போச்சு," என்றாள் ஜெசிந்தா.

கோமதிநாயகம் பாறைமேல் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். மலை மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி அவள் ஆராய்கிறாள். அவர் அவளுடைய வழிகாட்டி. அவரிடம் ஒரு பதில் வாங்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும்.

"என்னம்மா போச்சு?"

புல்வெளியில் இரண்டு பாத்தி. சிவப்புக் கொடி நட்ட பாத்தியில் கம்பி புதைத்துச் சூடேற்றினாள். நீலக் கொடி நட்டதை அப்படியே விட்டாள். உலகம் சூடானால் மண்ணுக்குள் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுச் சொன்னால்தான் பட்டம்.

"சூடானா நுண்ணுயிர் வேகமா மூச்சு விடும், மண்ணுல இருக்கிற கரியெல்லாம் கரியமில வாயுவாக் காத்துல போயிரும். சிவப்புல அது முதல் வருஷமே நடந்துச்சு. இப்ப நீலத்துலயும் நடக்குது. நான் தொடவே இல்ல சார், அதுவாச் சூடாயிருச்சு. இனி எதோட எதை ஒப்பிட?"

அவர் எழுந்து போய் நீலக் கொடியைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார்.

"மேல போ. இன்னும் சூடேறாத மண்ணாப் பாத்து நட்டுட்டு வா."

விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை.

ஏறினாள். அங்கங்கே நின்று மண்ணில் வெப்பமானியைச் செருகினாள். அவள் வந்த புதிதில் கீழே இருந்த சூடு இப்போது இங்கே ஏறி வந்திருந்தது.

இன்னும் ஏறினாள். புல் குறைந்தது, மண் குறைந்தது. உச்சியில் வெறும் பாறை.

பாறை இடுக்கில் ஒரு குச்சி செருகியிருந்தது. அதில் கிழிந்த துணி. மடித்துத் தைத்த ஓரத்தில் மட்டும் நீலம் மிச்சமிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இறங்கி வந்தபோது கொடி அவள் கையிலேயே இருந்தது.

"மேல மலையே இல்ல சார்."

"ம்."

"அங்க ஏற்கெனவே ஒரு நீலக் கொடி இருக்கு. உங்களுதா?"

"என் பாத்தி கீழ, தேயிலைத் தோட்டத்துக்கு மேல இருந்துச்சு. அதுவும் இப்படிச் சூடாகிப் போனப்ப ஏறுனேன்."

"எப்ப?"

"நீ வந்து சேர்றதுக்கு முந்தி."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சும் எதுக்கு சார் என்னைச் சேர்த்தீங்க?"

அவர் காப்பியைக் குடிக்கவே இல்லை. அது ஆறிப்போயிருந்தது.

"தனியாப் பாத்துக்கிட்டு இருக்க முடியலம்மா," என்றார்.