கண்ணாடி ஆற்றின் மேல் ஏழு தடங்கள்

குன்னூரில் மூடுபனி உண்டு, உறைபனி உண்டு. வானத்திலிருந்து விழும் பனி கிடையாது. அதைக் கண்ணால் பார்த்திராத மூன்று பேர் ஞாயிறுதோறும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பனிக்காட்டில் சண்டை போட்டார்கள்.

மேசை சந்திரிகாவினுடையது. அவர் பல் செட் செய்பவர். பட்டறையின் பின்னறையில் நான்கடிக்கு மூன்றடிப் பலகை ஒன்றைப் போட்டு, பல் அச்சு எடுக்கும் வெள்ளை மாவைச் சலித்துத் தூவியிருந்தார். அதுதான் பனி. நிமிர்த்தி வைத்த பைன் காய்கள் மரங்கள். நீளமாக அறுத்த கண்ணாடி ஒன்று உறைந்த ஆறு. சிப்பாய்களை அவரே அச்சில் வார்த்தார். ஒவ்வொருவனும் ஒரு கடைவாய்ப்பல் உயரம்.

அந்த மேசைக்குச் சில வழக்கங்கள் இருந்தன. ஈரக்கையோடு வரக்கூடாது, மாவு இறுகிவிடும். சிப்பாயைத் தூக்கி வைக்கக்கூடாது, நகர்த்த வேண்டும். பனியில் நடந்தால் தடம் விழாமல் இருக்காது என்பார் சந்திரிகா. ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் பிரஷ்ஷை எடுத்துப் பனியை நிரவ வேண்டும்.

வேதமுத்து நிரவிக்கொண்டே இருந்தார்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. சந்திரிகாவுக்கு நாற்பது. இருந்தாலும் அவரை மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். ஆட்டத்தை அவரிடம்தான் கற்றார். மூன்றாமவர் பஷீர், பெட்ஃபோர்டு பக்கம் பேக்கரி வைத்திருப்பவர். அவர் எப்போதும் ஒரு பொட்டலம் வர்க்கியோடு வந்து எதிர்ப்பக்கம் உட்காருவார்.

சந்திரிகாவிடம் இருபது ஆட்டங்கள் இருந்தன. பாலைவனம் இருந்தது, துறைமுகம் இருந்தது. வேதமுத்து பனிக்காட்டை மட்டும்தான் கேட்டார்.

பனிக்காட்டில் நீலப்பக்கம் எட்டுப் பேர். சிவப்புப்பக்கம் பன்னிரண்டு பேர் துரத்துகிறார்கள். நீலம் ஆற்றைக் கடக்க வேண்டும். பனிக்கட்டி ஒரு முறைக்கு ஒருவனைத்தான் தாங்கும். பத்தாவது முறையில் இருட்டிவிடும், ஆட்டம் முடியும். நீலத்தில் எட்டாமவனிடம் மெஷின்கன் இருக்கிறது. ஆட்டம் தொடங்கும்போதே அவன் காட்டோரத்தில், விழுந்த மரத்துக்குப் பின்னால் இருப்பான். அவன் சுட்டுக்கொண்டிருக்கும்வரை சிவப்பு முறைக்கு ஒரு விரற்கடைதான் நகரலாம். அவன் எழுந்து நடந்தால் சுட முடியாது. அவன் சுடாவிட்டால் சிவப்பு ஓடிவரும்.

நீலம் ஆறு பேரை அக்கரை சேர்த்தால் வெற்றி.

வேதமுத்து பதினோரு தடவை நீலம் ஆடினார். பதினோரு தடவையும் மெஷின்கன்காரனை எழுப்பி அழைத்துக்கொண்டு வந்தார். சிவப்பு காட்டைவிட்டு வெளியே வந்தது. கண்ணாடியின் மேல் மூன்று பேர், நான்கு பேர் என்று சாய்ந்தார்கள்.

"அண்ணாச்சி," என்றார் பஷீர், "இது உங்க ரயில் இல்ல, எல்லாத்துக்கும் கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போக."

வேதமுத்து மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர். முப்பத்தொரு வருஷம் பெட்டியின் முன்மேடையில் நின்று கையால் பிரேக் பிடித்தவர்.

"ஒரு பெட்டியைக்கூட வழியில விட்டுட்டு வந்ததில்ல, பாய்," என்றார்.

"அதான் சொல்றேன். பெட்டி சுடாது."

வேதமுத்து பிரஷ்ஷை எடுத்தார்.

அவர் ஏன் அந்த ஒரு ஆட்டத்தையே ஆடுகிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவருடைய தம்பி அற்புதராஜ் பட்டாளத்தில் இருந்தான். வடக்கே எல்லையில் பனி விழும் காட்டில் ரோந்து போனவர்கள் எட்டுப் பேர். திரும்பியவர்கள் ஏழு பேர். பனி உருகிய பிறகு தேடினார்கள். அற்புதராஜ் கிடைக்கவில்லை.

கடைசி லீவு முடிந்து அவன் கிளம்பியது அண்ணன் பிரேக் பிடித்த ரயிலில்தான். அண்ணனோடு முன்மேடையில் நின்றுகொள்கிறேன் என்றான். கூடாது என்று உள்ளே உட்காரவைத்தார். மேட்டுப்பாளையத்தில் இறங்கி, "வரும்போது மேல ஏத்திட்டுப் போ அண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ரயில் மேலே கிளம்பும் ஒவ்வொரு காலையும் வேதமுத்து மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு தடவை பார்ப்பார். பிறகுதான் பச்சைக் கொடி காட்டுவார். ஓய்வு பெறும் நாள்வரை அப்படித்தான்.

திரும்பிய ஏழு பேரில் ஒருவர் மடிக்கேரிக்காரர், பெயர் சோமய்யா. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு பை ஆரஞ்சோடு குன்னூருக்கு வருவார். வேதமுத்து வீட்டுக் கதவைத் தட்டுவார். வேதமுத்துவின் மனைவி கதவைத் திறந்து, "அவர் இல்லீங்க," என்பார். வேதமுத்து உள்ளறையில் உட்கார்ந்திருப்பார். சோமய்யா பையை வாசலில் வைத்துவிட்டுப் போவார். அந்த ஆரஞ்சில் ஒரு சுளையைக்கூட அந்த வீட்டில் யாரும் தின்றதில்லை. தெருவில் எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

இந்த ஜனவரியில் சோமய்யா முன்கூட்டியே போன் செய்தார். மனைவிதான் எடுத்தார். கால் சரியில்லை, இனிமேல் மலை ஏற முடியாது, இதுதான் கடைசி, ஞாயிற்றுக்கிழமை அஞ்சரை மணி பஸ்ஸில் வருகிறேன் என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கே வேதமுத்து பட்டறைக்கு வந்துவிட்டார். பஷீர் அப்போதுதான் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டரம்மா, ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க அண்ணா."

"இந்த ஆட்டத்தில எட்டுப் பேரும் திரும்ப ஒரு வழி இருக்கா?"

சந்திரிகா அச்சிலிருந்த ஒரு பல்வரிசையைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அதை ஓரமாக வைத்தார்.

"எதுக்குக் கேட்கிறீங்க?"

"அந்த மடிக்கேரிக்காரர் இன்னைக்கு அஞ்சரை பஸ்ஸில வர்றார். இந்த வருஷம் பார்க்கலாம்னு இருக்கேன். ஒரே ஒரு கேள்விதான். ஏன் அவனை விட்டுட்டு வந்தீங்கன்னு. அவர் வேற வழியில்லன்னு சொல்லுவார். அப்போ நான் சொல்லணும், இருந்துச்சு, இதோ இப்படின்னு."

"சொன்னதும்?"

"எழுந்து போகச் சொல்லுவேன்."

பஷீர் வர்க்கியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

சந்திரிகா கையைத் துடைத்தார். ஈரம் இல்லாமல் இரண்டு தடவை துடைத்தார். மேசைக்கு வந்து நீலப்பக்கம் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு நான் நீலம்," என்றார். "நீங்க சிவப்பு."

"நான் துரத்துறதா?"

"ஆமா."

"எனக்கு அது வராது மாஸ்டரம்மா."

"வழி இருக்கான்னு கேட்டீங்க. அந்தப் பக்கம் உட்கார்ந்தா ரெண்டு கரையும் தெரியும்."

பஷீர் எழுந்து இடம் விட்டார். "சூடா இருக்கு சீட்டு. பதினோரு தடவை ஜெயிச்ச சீட்டு," என்றார்.

ஆட்டம் தொடங்கியது.

சந்திரிகா மெஷின்கன்காரனைத் தொடவே இல்லை. மூன்று முறைகளில் மற்ற ஏழு பேரையும் மரங்களுக்கு இடையே நகர்த்திக் கரைக்குக் கொண்டுவந்தார். நான்காவது முறையில் ஒருவன் கண்ணாடியில் இறங்கி அக்கரை ஏறினான். ஐந்தாவதில் இன்னொருவன்.

வேதமுத்து சிவப்பை முறைக்கு ஒரு விரற்கடை நகர்த்தினார். பெட்டிகள் எல்லாம் பின்னால் வருகின்றனவா என்று பார்ப்பவர்போல ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்து எண்ணினார்.

"நல்லா துரத்துறாரு," என்றார் பஷீர். "கல்யாண ஊர்வலம் மாதிரி."

ஏழாவது முறையில் மூன்று சிவப்புச் சிப்பாய்கள் விழுந்த மரத்தின் பக்கவாட்டுக்கு வந்துவிட்டார்கள். மெஷின்கன்காரனின் முதுகு தெரிந்தது. இரண்டு பகடை போட்டு ஐந்துக்கு மேல் விழுந்தால் போதும். கண்ணாடியின் மேல் அப்போது ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இக்கரையில் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

"உங்க முறை அண்ணா," என்றார் சந்திரிகா.

வேதமுத்து பகடைகளை எடுத்தார். கைக்குள் வைத்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தார்.

"போடுங்க அண்ணாச்சி. பகடைக்குத் தலை சுத்துது."

வேதமுத்து பகடைகளை மேசையோரத்தில் வைத்தார்.

"பாஸ்," என்றார்.

சந்திரிகா தலையசைத்தார். முறையை விட்டுக்கொடுக்கலாம், விதியில் இடம் உண்டு. அவர் அடுத்தவனைக் கண்ணாடியில் இறக்கினார்.

"உங்க முறை."

"பாஸ்."

பஷீர் ஒரு வர்க்கியை எடுத்து வேதமுத்துவின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஒன்பதாவது முறையிலும் வேதமுத்து பாஸ் சொன்னார். பத்தாவதிலும் சொன்னார். ஏழாமவன் அக்கரை ஏறினான். இருட்டிவிட்டது என்றார் சந்திரிகா. ஆட்டம் முடிந்தது.

வேதமுத்து மேசையின் மேல் குனிந்தார். மெஷின்கன்காரன் விழுந்த மரத்துக்குப் பின்னால் அப்படியே இருந்தான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பன்னிரண்டு ஆட்டங்களில் அவர் முகம் மலர்ந்து அன்றுதான் பார்த்தார்கள்.

"ஒருத்தனும் சாகல பாருங்க, மாஸ்டரம்மா. எட்டுப் பேரும் இருக்காங்க. வழி இருக்கு."

"என்ன வழி?"

"சிவப்பு சுடல."

"ஏன் சுடல?"

"நான் இருந்தேனே."

சந்திரிகா குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அன்னைக்கு அந்தக் காட்டில, துரத்துற பக்கம் நீங்க இருந்தீங்களா அண்ணா?"

வெளியே மேட்டில் ஏறும் லாரி ஒன்று கியர் மாற்றும் சத்தம் கேட்டது. பஷீர் மடியில் விழுந்த வர்க்கித் தூளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார்.

"இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார் வேதமுத்து கடைசியில்.

"ஆமா."

"முன்மேடையில நிக்கிறேன்னு கேட்டான். விட்டிருக்கலாம். ரெண்டு மணி நேரம் என்கூட நின்னிருப்பான்."

சந்திரிகா மேசையோரத்தில் இருந்த பகடைகளை எடுத்து வைத்தார்.

சிவப்பு தோற்றிருந்தது. வேதமுத்து வழக்கப்படி எழுந்து, ஆணியில் தொங்கிய பிரஷ்ஷை எடுத்தார். காட்டுப்பக்கமிருந்து நிரவத் தொடங்கினார். சிவப்பின் தடங்கள் அழிந்தன. விழுந்த மரம் வந்ததும் கை நின்றது. மெஷின்கன்காரனைச் சுற்றி மாவு தூவியபடியே கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

அவர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இவன் தடம் எங்க?"

"அவன் நகரலையே அண்ணா."

"நான் ஆடும்போதெல்லாம் இருக்குமே."

"நீங்க ஆடும்போது அவன் எழுந்து வருவான். இவன் உட்கார்ந்துட்டான்."

"யாராவது உட்காரச் சொன்னாங்களா?"

"நான் சொல்லல. பத்து முறையில ஒரு தடவைகூட நான் அவனைத் தொடல. நீங்கதான் பார்த்துட்டு இருந்தீங்களே."

வேதமுத்து விரலை மரத்துக்குப் பின்னால் கொண்டுபோனார். சிப்பாயைத் தொடவில்லை. பக்கத்தில், தொட்டும் தொடாமலும் வைத்திருந்தார்.

"முப்பத்து நாலு வருஷம்," என்றார். "ஒரு துணி கிடைக்கல. ஒரு பொத்தான் கிடைக்கல. இங்கயாவது ஒண்ணு விட்டுட்டுப் போயிருக்கலாம். இத்தனை பனியில என் தம்பி தடம் ஒண்ணுகூட இல்லையே, மாஸ்டரம்மா."

அவர் பிரஷ் ஆற்றின் பக்கம் திரும்பியது. சந்திரிகா கையை நீட்டிப் பிரஷ்ஷைத் தடுத்தார்.

கண்ணாடியின் மேல் படிந்திருந்த மாவில் கோடுகள் இருந்தன. ஒன்றோடொன்று உரசாமல், ஒவ்வொன்றும் இக்கரையில் தொடங்கி அக்கரையில் முடிந்தன. வேதமுத்து பழக்கத்தில் எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது.

பஷீர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி ஆகிக்கொண்டிருந்தது.

"ஏழு இருக்கு அண்ணா," என்றார் சந்திரிகா. "அதில ஒண்ணு அஞ்சரை பஸ்ஸில வருது."