மாறிப்போன அண்டா

நாரைக்குளத்து மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தேழு. குருவின் பெயர் வேதவல்லி அம்மை. சீடர் தணிகாசலம், வெளியுறவுத் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சண்டை போட்ட நாடுகளை ஒரே மேஜையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியவர். அதனால் அம்மை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தூதரே என்பார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

குளத்துக்கு வடக்கே ஓர் ஊர், தெற்கே ஓர் ஊர். வடகரை, தென்கரை. பதினோரு வருடத்துக்கு முன் மடை திறப்பதில் தகராறு வந்து இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. அன்றிலிருந்து நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. இரண்டு ஊரையும் சேர்க்கும் குளக்கரை நடுவில் உடைந்து கிடந்தது. ஐப்பசி மழைக்கு முன் அதை அடைக்காவிட்டால் இரண்டு ஊர் வயலும் மூழ்கிவிடும். இது எல்லோருக்கும் தெரியும். முதல் கூடை மண்ணை யார் போடுவது என்பதில்தான் காரியம் நின்றது.

தணிகாசலம் மூன்று முறை ஒப்பந்தம் எழுதினார். எந்த ஊரின் பெயர் முதலில் வருவது என்று சண்டை வந்தபோது இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் இதையும் மற்றதில் அதையும் முதலில் போட்டார். ஊர்த் தலைவர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், டீ குடித்தார்கள், போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். வேலை தொடங்க வேண்டிய நாளில் இரண்டு ஊரும் மண்வெட்டியோடு வந்தன. எதிர்ப்பக்கம் தொடங்கட்டும் என்று பொழுது சாயும்வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போயின.

மூன்றாவது முறையும் இப்படி ஆனதும் தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. மழைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

"என் ஒப்பந்தத்துல என்ன குறை அம்மா?" என்று கேட்டார்.

"குருபூஜைக்கு இருநூறு பேர் சாப்பிடுவாங்க. ரெண்டு பெரிய அண்டா வேணும் தூதரே," என்றார் அம்மை. "வடகரைத் தலைவர் வீட்டுல ஒண்ணு, தென்கரைத் தலைவர் வீட்டுல ஒண்ணு இரவல் கேட்டு வாங்கிட்டு வாங்க."

கேட்டதற்கு இதுவா பதில் என்று அவருக்கு எரிச்சல்தான். ஆனாலும் போனார். வடகரைத் தலைவரின் மனைவி செல்லக்கிளி ஓர் அண்டா கொடுத்தாள். தென்கரைத் தலைவரின் மனைவி இசக்கியம்மாள் ஓர் அண்டா கொடுத்தாள்.

பூஜை முடிந்தது. அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. இரண்டிலும் சர்க்கரைப் பொங்கல் வைத்து வண்டியில் ஏற்றினார் அம்மை. தணிகாசலம் போய் இரண்டு வீட்டிலும் இறக்கிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் விஷயம் தெரிந்தது. அண்டா மாறிப்போயிருந்தது. இரண்டும் ஒரே அளவுப் பித்தளை. ஆனால் விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. ஒப்பந்தத்தில் ஒவ்வொரு காற்புள்ளியையும் உற்றுப் பார்க்கிற மனிதர் அண்டாவின் விளிம்பைப் பார்க்கவில்லை.

அவர் துள்ளி எழுந்தார். உடனே போய் மாற்றிக் கொடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் திருட்டுப் பட்டம் கட்டி வெட்டுக்குத்து ஆகிவிடும் என்று செருப்பை மாட்டினார்.

"இன்னியிலிருந்து உங்களுக்கு மௌன விரதம்," என்றார் அம்மை. "மடத்தை விட்டு வெளிய போகக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"பேசாதீங்க. விரதம் ஆரம்பிச்சாச்சு."

அதன்பின் நடந்ததையெல்லாம் மடத்துக்குப் பால் ஊற்றுகிற பெண் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். பதில் பேசவும் வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

தென்கரைத் தலைவர் அண்டாவின் விளிம்பைப் படித்துவிட்டு, வடகரைப் பண்டம் நம் வீட்டில் இருக்கக் கூடாது, குளத்தில் தூக்கி எறி என்றாராம். இசக்கியம்மாள் அண்டாவின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இது செல்லக்கிளிக்கு அவ ஆத்தா போட்ட சீரு. எங்க ஆத்தா போட்டது அங்க இருக்கு. இத எறிஞ்சிட்டு அத எந்த முகத்த வச்சிக் கேப்பேன்?"

தலைவர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். அவள் அண்டா நிறையக் கடலை அவித்தாள். நாலு பெண்கள் சேர்ந்து தூக்கிக்கொண்டு, உடைப்பில் இறங்கி ஏறி வடகரைக்குப் போனார்கள். பதினோரு வருடத்தில் அந்தப் பக்கம் போன முதல் ஆட்கள் அவர்கள்தான்.

செல்லக்கிளிக்குத் தன் அண்டாவைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனால் இசக்கியம்மாளின் அண்டாவை நிரப்ப அந்த நேரம் வீட்டில் ஒன்றும் இல்லை. வெறும் அண்டாவைக் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. நாளைக்கு நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லி, வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல் ஒரு தூக்குவாளியில் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தாள்.

மறுநாள் சீனிக்கிழங்கோடு அண்டா தென்கரைக்குப் போனது. போனவர்கள் கிண்ணத்தில் கருப்பட்டிப் பணியாரத்தோடு திரும்பினார்கள். தூக்குவாளி திரும்பியது. கிண்ணம் திரும்பியது. எதுவும் வெறுமையாகத் திரும்பவில்லை. யாராவது எப்போதும் யாருக்காவது ஒரு பாத்திரம் தர வேண்டியிருந்தது. மூன்று வாரத்தில் வடகரை அடுப்படிகளில் தென்கரைப் பெயர்களும், தென்கரை அடுப்படிகளில் வடகரைப் பெயர்களுமாகக் கிடந்தன. ஊறுகாயின் பக்குவம் பற்றி மட்டும் இரண்டு ஊருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

ஒரு நாள் காலையில் இசக்கியம்மாளின் மருமகள் உடைப்பில் வழுக்கி, சட்டித் தயிரோடு சேற்றில் விழுந்தாள். பக்கத்து வயலில் நின்ற வடகரைத் தலைவர் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அடி ஒன்றும் இல்லை. தயிர்தான் போயிற்று. அன்று மதியமே அவர் மண்வெட்டியோடு வந்தார். எதிரே தென்கரைத் தலைவரும் வந்துகொண்டிருந்தார். முதல் கூடை மண்ணை யார் போட்டது என்று பால்காரப் பெண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு பெண் விழுவதற்குள் உடைப்பை அடைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அதை யாரும் கவனிக்கவில்லையாம்.

மழைக்கு மூன்று நாள் முன்னால் கரை அடைபட்டது. அம்மை விரதத்தை முடித்துவைத்தார். தணிகாசலம் முதல் காரியமாக வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் நாலாவது ஒப்பந்தத்தை எழுதி எடுத்துக்கொண்டு அம்மையிடம் வந்தார். இந்தத் தடவை எந்த ஊரின் பெயர் முதலில் என்று யாரும் கேட்கவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். சில ஷரத்துகள்தான், ஒரே பக்கம்தான். இனி ஒரு தகராறுக்கும் இடம் இருக்காது என்று சொல்லி முதல் ஷரத்தைப் படித்தார்.

"இரு ஊர் வீடுகளிலும் இருக்கும் மறு ஊர்ப் பாத்திரங்கள் அனைத்தும் தை முதல் தேதிக்குள் உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்."

அம்மை காகிதத்தை வாங்கி மீதியையும் படித்தார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு அதை அவரிடமே நீட்டினார்.

"முதல் ஷரத்த மட்டும் அடிச்சிடுங்க தூதரே. பாத்திரமெல்லாம் வீடு வந்து சேர்ந்துட்டா, இசக்கியம்மா எதச் சாக்குச் சொல்லி வடகரைக்குப் போவா?"