வாத்தியார் வாயில் புல்

குளக்கரைப் பனைமரத்தில் மஞ்சத்தலையார் என்ற தூக்கணாங்குருவி வாத்தியார் பாடம் நடத்திவந்தார். படித்ததெல்லாம் குஞ்சுமில்லாத, பெரிசுமில்லாத இரண்டுங்கெட்டான் வயசுக் குருவிகள். கேட்க வேண்டுமா!

"கூட்டைப் பனைக்குக் கிழக்கே கட்டணும்" என்பார் வாத்தியார். எல்லாரும் அதையே கோரஸாகப் பாடுவார்கள். அப்புறம் ஒருத்தன் தூங்குவான், ஒருத்தன் பக்கத்தில் இருப்பவன் வாலை இழுப்பான். போன வருஷம் இப்படிப் பாடிவிட்டுப் போனவர்கள், நெல்வயல் பக்கத்தில் இருக்கிறதே என்று மேற்கே கட்டினார்கள். முதல் காற்றிலேயே கூடும் முட்டையும் குளத்துக்குள் போயின. இந்த வருஷமும் அப்படியே ஆகுமோ என்பதுதான் வாத்தியாரின் கவலை. மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது.

ஒரு காலையில் அவர் பாட்டை நிறுத்திவிட்டு, கூட்டை எந்தப் பக்கம் கட்டலாம் என்று கேட்டார்.

"அதை நீங்கதானே சொல்லணும்?" என்றான் துடுக்கன் என்ற வாலுப்பயல்.

"நான் சொல்லப்போறதில்லை. கட்டிப் பாருங்க. முட்டைக்குப் பதிலா களிமண் உருண்டை வைங்க."

ஆளுக்கொரு பக்கம் பறந்தார்கள். துடுக்கன் மேற்கே கட்டினான். பார்க்கப் பார்க்க வாத்தியாருக்கு வாய் நமநமவென்றது. விடையை உளறிவிடக் கூடாதே என்று ஒரு நீளப் புல்லைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம்.

காற்று வந்தது. துடுக்கனின் கூடு மட்டையில் மோதி, அறுந்து, தொபுக்கென்று குளத்தில் விழுந்தது. கிழக்கே தொங்கியவை சும்மா ஆடின. துடுக்கன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"காத்து மேற்கேருந்து வருது! கிழக்கே இருக்கிற கூட்டை மரம் மறைக்குது!"

அவன் அதோடு விடவில்லை. மேட்டுக்கு அடியில் நிற்கிற பனையில் எந்தப் பக்கம் கட்டுவது, அங்கேதான் மேடே காற்றை மறைக்கிறதே என்று கேட்டான்.

வாத்தியார் புல்லைத் துப்பினார். கிழக்கே என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அந்தப் பனையில் அவர் ஒருநாளும் கூடு கட்டியதில்லை.

"எனக்குத் தெரியலையேப்பா" என்றார்.

அவ்வளவுதான், மொத்த வகுப்பும் கட்டிப் பார்க்க மேட்டுப் பனைக்குப் பறந்துவிட்டது. வாத்தியாரும் புதுப் புல் ஒன்றைக் கவ்விக்கொண்டு பின்னாலேயே போனார். அந்த மழைக்காலத்தில் ஒரு முட்டைகூடக் குளத்தில் விழவில்லை.

விடையை ஊட்டினால் தூங்கிப்போகிற பிள்ளைகள், கேள்வியைக் கொடுத்தால் தாங்களே பறந்துபோய்க் கற்றுக்கொள்வார்கள்.